சாலையோரம் கிடந்த பூனையும் மின்கம்பத்துச் சுவரொட்டியும்

கேள்வி:

சென்ற புதன்கிழமை, விடிந்தும் விடியாத நேரத்தில் வேலைக்குக் கார் ஓட்டிக்கொண்டு போனேன். நெடுஞ்சாலையின் ஓரத்தில், வெள்ளைக் கோட்டை ஒட்டி, செவலை நிறப் பூனை ஒன்று இறந்துகிடந்தது. கழுத்தில் நீலமாக ஏதோ தெரிந்தது. பின்னால் லாரிகள் வரிசையாக வந்துகொண்டிருந்ததால் நிறுத்த முடியவில்லை. உண்மையைச் சொன்னால், நிறுத்த மனமும் வரவில்லை; பயமாக இருந்தது. மாலையில் அதே வழியாகத் திரும்பியபோது பூனை அங்கே இல்லை. யாராவது எடுத்துப் போயிருப்பார்கள் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

நேற்று அந்த இடத்துக்குப் பக்கத்துத் தெருவில், மின்கம்பத்தில் ஒரு சுவரொட்டியைப் பார்த்தேன். செவலைப் பூனை, ஆண், நீலக் கழுத்துப்பட்டை, செவ்வாய்க்கிழமை இரவிலிருந்து காணவில்லை என்று எழுதி, தொலைபேசி எண் கொடுத்திருந்தார்கள். அடியில் ஒரு குழந்தையின் கையெழுத்தில் பூனையின் பெயர். எண்ணைக் குறித்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் அழைக்கத் துணிவு வரவில்லை. நம்பிக்கையோடு இருக்கிறவர்களின் நம்பிக்கையை நான் ஏன் கெடுக்க வேண்டும்? அது வேறு பூனையாகவும் இருக்கலாம் அல்லவா? அன்று நான் என்ன செய்திருக்க வேண்டும், இப்போது என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள் டாக்டர்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

அழையுங்கள். இந்தப் பதிலை முழுவதும் படித்துவிட்டு, இன்றைக்கே அழையுங்கள்.

நம்பிக்கையை ஏன் கெடுக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். வளர்த்த பிராணி இறந்துவிட்டது என்று தெரிந்து அழுதவர்களையும் பார்த்திருக்கிறேன், அது என்ன ஆனது என்றே தெரியாமல் தவித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். முதல் வகையினர் அழுது ஓய்கிறார்கள். சில மாதங்கள் கழித்து, அந்தப் பூனை செய்த குறும்புகளைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். இரண்டாம் வகையினருக்கு அழவும் முடிவதில்லை. என்னிடம் வரும் ஒரு பெண்மணி, பூனை காணாமல்போய் நான்கு ஆண்டுகள் ஆன பிறகும் இரவில் பின்கதவைத் தாழிடாமலே படுக்கிறார். "திரும்பி வந்து கதவைப் பிறாண்டினால் எனக்குக் கேட்காமல் போய்விடுமே" என்றார். அவரிடம் இருப்பதை நம்பிக்கை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வியட்நாம் போரில் காணாமல்போன விமானிகளின் மனைவியரை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ், 1970களில் இந்த நிலைக்குத் தெளிவற்ற இழப்பு என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். இருக்கிறாரா இல்லையா என்று தெரியாதபோது துக்கம் தொடங்குவதும் இல்லை, முடிவதும் இல்லை என்பது அவர் கண்டது. கணவனையும் பூனையையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். இழப்பின் அளவு வேறு; தவிக்கிற விதம் ஒன்றுதான். அந்தச் சுவரொட்டியை எழுதிய வீட்டில் இன்று இரவும் யாரோ டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி தெருவைச் சுற்றிவரப் போகிறார்கள். உங்களிடம் அவர்களுக்கான தகவல் ஒன்று இருக்கிறது. அது அரைகுறைத் தகவல்தான். ஆனாலும் அது உங்களிடம் மட்டுமே இருக்கிறது.

அடுத்தது, வேறு பூனையாக இருக்கலாமே என்ற உங்கள் சந்தேகம். இது நியாயமான சந்தேகம்தான். சற்று நின்று யோசிக்க வேண்டியதும்கூட. செவலைப் பூனைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு ஆண்தான். அந்த நிறத்தைத் தரும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் பூனைக்கு எக்ஸ் ஒன்றுதான் என்பதால் அந்த ஒன்றில் அமைந்தால் போதும், பெண்ணுக்கு இரண்டிலும் அமைய வேண்டும். உடலில் வரிகளும் செவலைப் பூனை எல்லாவற்றுக்கும் கொஞ்சமாவது உண்டு. ஆகவே செவலை, ஆண், வரி போட்டது என்பதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. அடையாளம் சொல்வது வெள்ளைத் திட்டுகள்தான். மார்பில் வெள்ளை இருந்ததா, பாதங்களில் எதெது வெள்ளை, வால் நுனி என்ன நிறம்? கண்ணை மூடி, அந்த ஒரு நொடியைத் திரும்ப நினைத்துப்பாருங்கள். நினைவுக்கு வருவதை எழுதிவையுங்கள். வராததை ஊகித்து நிரப்ப வேண்டாம். சுவரொட்டியின் படத்தை மறுபடி பார்த்துவிட்டு நினைவைத் தேடினால், படத்தில் உள்ளதே உங்கள் நினைவில் புகுந்துகொள்ளும். அதனால் முதலில் எழுதுங்கள், பிறகு ஒப்பிடுங்கள்.

இந்த எச்சரிக்கை சும்மா சொல்வதல்ல. ஒருமுறை ஒரு குடும்பம் சாலையில் கண்டெடுத்த கறுப்புப் பூனையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தது. தங்களுடையதுதான் என்று அடித்துச் சொன்னார்கள். தந்தைக்கு அழுகை நிற்கவில்லை. வழக்கப்படி, தோலுக்கு அடியில் வைக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப் இருக்கிறதா என்று ஸ்கேனரை ஓட்டினேன். வந்த எண் வேறொரு வீட்டினுடையது. என்னிடம் வந்த குடும்பத்தின் சொந்தப் பூனை ஒன்பதாம் நாள் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தது. அன்று ஸ்கேன் செய்யாமல் விட்டிருந்தால், ஒரு வீடு அடுத்தவர் பூனையை அடக்கம் செய்துவிட்டுத் தன்னுடையதைத் தேடுவதை நிறுத்தியிருக்கும். இன்னொரு வீடு, இல்லாத பூனையைத் தேடிக்கொண்டே இருந்திருக்கும். பெற்ற பிள்ளைபோல் வளர்த்தவர்களே துக்கத்தில் தவறிப்போவதுண்டு. ஓடும் காரிலிருந்து பார்த்த நீங்கள் உறுதியாகச் சொல்ல வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பூனை இறந்துகிடந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் பார்த்தது, அது அசையாமல் கிடந்ததை மட்டும்தான். உங்களைக் குத்திக்காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அசையாமல் கிடந்த பூனையை யாராவது தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடியிருக்கவும் வாய்ப்பு உண்டு. சிறியதுதான், ஆனால் உண்டு. ஆகவே அந்த வீட்டாரிடம் பேசும்போது பார்த்ததைப் பார்த்தபடியே சொல்லுங்கள்.

எப்படிச் சொல்வது என்பதற்கு வருகிறேன். எடுத்த எடுப்பில் செய்தியைச் சொல்லிவிட வேண்டாம். வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறாரா, பேச வசதியாக இருக்கிறதா என்று கேளுங்கள். குழந்தை எடுத்தால், வீட்டில் பெரியவர்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள், குழந்தை எத்தனை முறை "பூனை கிடைத்துவிட்டதா?" என்று கேட்டாலும் பதில் சொல்லாதீர்கள். பிறகு சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: "உங்கள் சுவரொட்டியைப் பார்த்தேன். புதன்கிழமை காலை, இந்த இடத்தில், செவலை நிறப் பூனை ஒன்று சாலையோரம் அசையாமல் கிடந்தது. கழுத்தில் நீலப் பட்டை இருந்ததுபோல் தெரிந்தது. உயிர் இல்லை என்றே எனக்குத் தோன்றியது. உங்கள் பூனைதானா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஆனால் உங்களிடம் சொல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை." அவ்வளவு போதும். அதன் பிறகு பேசாமல் இருங்கள். மறுமுனையில் வரும் மௌனத்தை நிரப்ப வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

ஏன் நிறுத்தவில்லை என்று கேட்பார்களோ என்பதுதான் உங்கள் பயம் என்று தோன்றுகிறது. கேட்கலாம். பின்னால் லாரிகள் வந்தன, பயமாகவும் இருந்தது என்று எனக்கு எழுதியதையே அவர்களிடமும் சொல்லுங்கள். கோபப்பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், அந்தக் கோபம் பெரும்பாலும் மறுநாளே நன்றியாக மாறிவிடும். வலித்திருக்குமா என்றும் கேட்பார்கள், இதைக் கேட்காதவரை நான் பார்த்ததில்லை. உடனே போயிருக்கும், வலித்திருக்காது என்று ஆறுதலுக்காகச் சொல்லிவிடாதீர்கள். தலையிலோ மார்பிலோ பலமாக அடிபட்டால் நினைவு மிக விரைவில் போய்விடுவது உண்மைதான். ஆனால் எங்கே அடிபட்டது என்பது உங்களுக்குத் தெரியாது. நான் பார்த்தபோது அது அசையவில்லை, கதறவில்லை என்று சொல்லுங்கள். அது உண்மை, அதிலேயே அவர்களுக்கு வேண்டிய ஆறுதலும் இருக்கிறது.

இனி அன்று என்ன செய்திருக்கலாம் என்ற கேள்வி.

வேகமாக வாகனங்கள் ஓடும் சாலையில் நீங்கள் நிறுத்தாதது சரி. நான் உங்கள் இடத்தில் இருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன். இறந்த பிராணிக்காக இறங்கியவர் மேல் அடுத்த வாகனம் மோதினால் அது யாருக்கும் நல்லதல்ல. நிறுத்த முடியாத இடத்தில் செய்ய வேண்டியது தொலைபேசியில் அழைப்பது. வேலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அழைத்தாலும் போதும். சாலையைப் பராமரிக்கும் துறை, உள்ளாட்சி அமைப்பின் துப்புரவுப் பிரிவு, பக்கத்திலுள்ள கால்நடை மருத்துவமனை, விலங்கு நல அமைப்பு இவற்றில் எது கிடைக்கிறதோ அதை அழைத்து இடத்தைத் துல்லியமாகச் சொல்ல வேண்டும். எந்தத் திசையில் போகும் பக்கம், எந்தக் கிலோமீட்டர் கல்லுக்கு அருகில், எத்தனை மணிக்கு என்று சொன்னால் அவர்கள் தேடி அலைய வேண்டியிருக்காது. கூடவே, "கழுத்தில் பட்டை இருந்தது, வளர்ப்புப் பூனை, அப்புறப்படுத்துவதற்கு முன் மைக்ரோசிப் இருக்கிறதா என்று பாருங்கள்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டால் செய்யக்கூடியவர்கள்தான் பலரும், யாரும் கேட்பதில்லை.

உடலைச் சாலையிலேயே விட்டுவைத்தால் இன்னொரு கேடும் வரும். பிணம் தின்ன வரும் காகமும் பருந்தும், சில இடங்களில் நரியும், அடுத்தடுத்து அடிபடும். ஒன்றை எடுத்து ஓரமாக வைப்பது மற்றவற்றைக் காப்பாற்றுவதும் ஆகும்.

சிறிய சாலை, போக்குவரத்து குறைவு, வண்டியை ஓரம்கட்ட இடம் இருக்கிறது என்றால் நிறுத்துங்கள். எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டு, வாகனங்கள் வரும் திசையைப் பார்த்தபடியே நெருங்குங்கள். அவற்றுக்கு முதுகைக் காட்டிக் குனியாதீர்கள். வெளிர்நிறத் துணி ஏதாவது தோளில் இருந்தால் நல்லது.

முதல் வேலை, உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது. விலா ஏறி இறங்குகிறதா என்று முழுதாக ஒரு நிமிடம் பாருங்கள். கடிகாரத்தைப் பார்த்தே எண்ணுங்கள், பதற்றத்தில் பத்து நொடியே ஒரு நிமிடமாகத் தோன்றும். மெல்லிய குச்சியின் நுனியாலோ சுருட்டிய காகிதத்தாலோ கண்ணின் உள்மூலையை லேசாகத் தொடுங்கள். இமை துடித்தால் உயிர் இருக்கிறது. இடது முன்னங்காலின் முழங்கைக்கு நேர்பின்னால், மார்பில் விரல்களை வைத்தால் இதயத் துடிப்பு தெரியும். உடல் சூடாக இருப்பதை மட்டும் வைத்து உயிர் இருக்கிறது என்றோ, சில்லிட்டிருப்பதை மட்டும் வைத்து இல்லை என்றோ முடிவுகட்டக் கூடாது. குளிரில் நெடுநேரம் கிடந்து மயங்கிய பூனை, தொட்டால் செத்ததுபோலவே இருக்கும். கைகால் முழுவதும் விறைத்து மரக்கட்டைபோல் ஆகியிருந்தால் சந்தேகம் வேண்டாம். அந்த விறைப்பு இறந்த சில மணி நேரத்தில் தாடையில் தொடங்கி உடல் முழுதும் பரவும். ஓரிரு நாளில் தளர்ந்துவிடும். ஆகவே உடல் தளர்ந்திருப்பதும் உயிருக்கு அடையாளம் ஆகாது.

சிறிது சந்தேகம் இருந்தாலும் உயிர் இருப்பதாகவே நடத்துங்கள். பெரிய துண்டால் தலையோடு சேர்த்து மூடி, ஓர் அட்டையை அடியில் தள்ளி, படுத்த நிலையிலேயே தூக்கி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வலியில் இருக்கும் பிராணி தன்னை வளர்த்தவரையே கடித்துவிடும், நீங்கள் யாரோ. கடித்தாலோ, அதன் உமிழ்நீர் உங்கள் காயத்திலோ கண்ணிலோ பட்டாலோ, காயமானால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள், கண்ணானால் சுத்தமான நீரால் நன்றாகக் கழுவுங்கள். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். வெறிநோய்க் கிருமி உமிழ்நீரில் இருக்கும். கடித்த பிராணி இறந்துவிட்டதே, இனி என்ன என்று விட்டுவிடக் கூடாது. இறந்துபோனதுதான் கூடுதல் எச்சரிக்கைக்குக் காரணம். சோதனைக்கு அதன் தலை தேவைப்படலாம் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் புதைத்துவிடவும் வேண்டாம்.

இறந்தது உறுதியானால், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தடித்த பிளாஸ்டிக் பையை உள்வெளியாகத் திருப்பிக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். உடல் ஆறத் தொடங்கியதும் தெள்ளுப்பூச்சிகள் அதை விட்டு வெளியேறும், அதனால் மார்போடு அணைத்துத் தூக்க வேண்டாம். தூக்கும்போது கொஞ்சம் சிறுநீர் கசியலாம், அழுத்தத்தில் வாயிலிருந்து காற்று வெளிவந்து முனகல்போல் ஒரு சத்தம்கூடக் கேட்கலாம். அது உயிர் அல்ல; முன்கூட்டித் தெரிந்திருந்தால் பதறிக் கீழே போட்டுவிட மாட்டீர்கள்.

தூக்குவதற்கு முன் வயிற்றைப் பாருங்கள். இதைப் பலரும் தவறவிடுகிறார்கள். காம்புகள் பருத்து, சுற்றியுள்ள மயிர் தேய்ந்திருந்தால் அது பால்கொடுக்கும் தாய். குட்டிகள் பக்கத்தில் எங்கோ, புதருக்குள்ளோ கழிவுநீர்க் குழாய்க்குள்ளோ, இருக்கின்றன. பிறந்து சில நாளே ஆன குட்டிகளால் தங்கள் உடற்சூட்டைத் தாமாகக் காத்துக்கொள்ள முடியாது, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் வேண்டும். இறந்த தாயை எடுத்துவைத்துவிட்டு நல்ல காரியம் செய்தோம் என்று போய்விட்டால், அன்று இரவுக்குள் அவையும் போய்விடும். சத்தமில்லாமல் பத்து நிமிடம் நின்று காது கொடுங்கள். பசித்த குட்டிகள் கத்தும். ஒன்றும் கேட்காவிட்டாலும் அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிவைத்து, விலங்கு நல அமைப்புக்கும் தகவல் கொடுங்கள்.

பிறகு அடையாளம். கழுத்துப்பட்டை இல்லை என்பதால் ஆளில்லாத பூனை என்று முடிவுகட்ட முடியாது. பூனைக்குப் போடும் பட்டைகள் பலவும், எங்காவது மாட்டி இழுபட்டால் தானே அவிழும்படி செய்யப்பட்டவை. மோதிய வேகத்தில் அவிழ்ந்து சில அடி தள்ளி விழுந்திருக்கலாம், சுற்றிலும் பாருங்கள். ஒரு காதின் நுனி நேராக வெட்டப்பட்டிருந்தால், அது கருத்தடை செய்து திரும்பவும் தெருவில் விடப்பட்ட பூனை. அதற்கும் தினமும் சோறு வைத்துக் காத்திருக்கும் ஒருவர் இருப்பார், அவரையும் தேடத்தான் வேண்டும்.

உடலை மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடிந்தால் மைக்ரோசிப்பைப் பார்த்துவிடலாம். அரிசி மணி அளவுதான் இருக்கும், நீளம் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர். தோள்பட்டைகளுக்கு நடுவில் தோலுக்கு அடியில் வைப்பார்கள். அதற்கு பேட்டரி கிடையாது. ஸ்கேனரின் அலை பட்டால் தன் 15 இலக்க எண்ணைத் திருப்பிச் சொல்லும். ஆகவே பிராணி இறந்தாலும், உடல் உறைபெட்டியில் கிடந்தாலும் சிப் வேலை செய்யும். எண்ணைத் தவிர வேறொன்றும் அதில் இருக்காது. உரிமையாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் பதிவேட்டில்தான் இருக்கும். வீடு மாறியவர்கள் பதிவேட்டிலும் மாற்றவில்லை என்றால் அந்த எண்ணால் பயன் இல்லை. பூனை நாய் வளர்க்கிறவர்கள் இதைப் படித்தால், தங்கள் பதிவு சரியாக இருக்கிறதா என்று தயவுசெய்து இன்றைக்கே பாருங்கள்.

மருத்துவமனையில் ஸ்கேனரை ஒருமுறை முதுகில் இழுத்துவிட்டு இல்லை என்று சொன்னால், மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு முதியவர் அடிபட்டு இறந்த நாயைக் கொண்டுவந்தார். சாலையில் கண்டாராம், அவருடையது அல்ல. தோள்களுக்கு நடுவே இரண்டு முறை ஸ்கேனரை ஓட்டினேன், ஒலி வரவில்லை. சிப் இல்லை என்று எழுதி, அப்புறப்படுத்த அனுப்பிவிட்டேன். ஆறு நாள் கழித்து அதன் உரிமையாளர் படத்தோடு வந்தார். சிப் எண்ணும் கையில் வைத்திருந்தார். வைத்த இடத்திலிருந்து சிப் நகர்ந்து, தோளின் பக்கவாட்டுக்கோ முன்னங்கால் பக்கத்துக்கோ இறங்குவது உண்டு என்பது எனக்குத் தெரியும். புத்தகத்தில் படித்துத் தேர்வும் எழுதியிருந்தேன். அன்று பொறுமை இல்லை. அவரிடம் கொடுக்க என்னிடம் உடலும் இல்லை, பட்டையும் இல்லை. அதன் பிறகு எந்த உடல் வந்தாலும், உலோகப் பட்டையைக் கழற்றிவிட்டு, கழுத்திலிருந்து வால்வரை, இரண்டு பக்கமும், முன்னங்கால் முழங்கைவரை, மெல்ல வளைத்து வளைத்து ஓட்டுகிறேன். உடல் மிகவும் சிதைந்திருந்தால் சுற்றிவந்த துணியையும் ஸ்கேன் செய்கிறேன். சிப் வெளியே விழுந்து துணியில் ஒட்டியிருந்ததும் உண்டு.

எடுத்துப்போக வழியில்லை என்றால், உடலை வாகனம் ஏறாத ஓரத்துக்கு நகர்த்தி மூடிவைத்துவிட்டு, இருக்கும் இடத்தைக் குறித்துத் தகவல் சொல்லுங்கள். பட்டையைக் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் மயிரைக் கத்தரித்து, நாளும் இடமும் எழுதிய காகித உறையில் போட்டுவையுங்கள். கையில் ஒன்றுமே மிஞ்சாமல் போனவர்களுக்கு அந்த உறை எவ்வளவு பெரிது என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். புகைப்படமும் எடுங்கள்: முகம் நன்றாக இருந்தால் முகம், இல்லாவிட்டால் பாதம், வால், திட்டுகள், பட்டை. ஆனால் அந்தப் படத்தைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். இதில் நான் கண்டிப்பானவன். தன் பூனை ரத்தத்தில் கிடக்கும் படத்தை ஒரு குழந்தை கைப்பேசியில் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிடக் கொடுமை இல்லை. "இந்த இடத்தில், இந்த நாளில், செவலை நிறப் பூனை ஒன்றைப் பற்றித் தகவல் இருக்கிறது, தேடுபவர்கள் அழைக்கவும்" என்று எழுத்தில் மட்டும் போடுங்கள். ஓர் அடையாளத்தை வெளியிடாமல் வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பவர் அதைத் தானாகச் சொன்னால் ஆள் சரி.

உரிமையாளர் வந்து பார்க்கப்போகிறார் என்றால், விறைப்பதற்கு முன்பே உறங்கும் நிலையில் சுருட்டிப் படுக்கவையுங்கள். முகத்திலுள்ள ரத்தத்தை ஈரத்துணியால் துடைத்து, அடிபடாத பக்கம் மேலே தெரியும்படி போர்த்துங்கள். கண்கள் திறந்தே இருக்கும், மூடினாலும் நிற்காது. எல்லாப் பிராணிக்கும் அப்படித்தான் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பார்வை அவர்களை நெடுநாள் விடாது. வெயில் படாத இடத்தில், சுற்றிலும் பனிக்கட்டிப் பைகளை வைத்து மூடினால் சில மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் மருத்துவமனைக் குளிர்பெட்டிதான் வழி. யாரும் வராவிட்டால் உள்ளாட்சி விதிகளின்படி அடக்கம் செய்யலாம். குழி மூன்றடி ஆழமாவது இருக்கட்டும், கிணறு வாய்க்காலுக்கு எட்டத் தள்ளி இருக்கட்டும், பிளாஸ்டிக் பையோடு புதைக்க வேண்டாம்.

வண்டி ஓட்டும் மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: மோதியது நீங்களாக இருந்தால் நில்லுங்கள், சொல்லுங்கள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் 1988ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, நாய், குதிரை, மாடு, ஆடு போன்றவற்றின்மீது மோதினால் ஓட்டுநர் நின்று தகவல் தர வேண்டும். பூனை அந்தப் பட்டியலில் இல்லை. அதே நாட்டின் ஒரு பகுதியான இங்கிலாந்தில் 2024 ஜூன் 10 முதல் வளர்ப்புப் பூனைகளுக்கு மைக்ரோசிப் கட்டாயமாகிவிட்டது. எழுதிய சட்டத்தில் பூனை இருந்தாலும் இல்லாவிட்டாலும், தேடுகிறவர் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்.

வாசகி, உங்களிடம் திரும்பி வருகிறேன். புதன்கிழமை காலைக்கும் மாலைக்கும் இடையில் அந்தப் பூனையை யாரோ எடுத்திருக்கிறார்கள். அந்த வீட்டாரை அழைப்பதற்கு முன்போ பின்போ, அந்தச் சாலைப் பகுதிக்கு உரிய துப்புரவுப் பிரிவை அழைத்து, புதன்கிழமைப் பதிவில் அந்த இடத்திலிருந்து பூனை எடுத்ததாகக் குறிப்பு இருக்கிறதா, பட்டை எதையாவது எடுத்துவைத்தார்களா என்று கேளுங்கள். பதிவில் இல்லாவிட்டாலும், அன்று அந்தப் பகுதியில் வேலை பார்த்த பணியாளரிடம் பேச முடியுமா என்று கேளுங்கள். கழுத்துப்பட்டை போட்ட பூனையைக் கையால் எடுத்தவருக்கு அது மறந்திருக்காது. சுற்றுவட்டாரக் கால்நடை மருத்துவமனைகளையும் கேளுங்கள். பூனையைத் தேடி ஓய்ந்துபோயிருக்கும் அவர்களைவிட உங்களுக்கு இந்த அழைப்புகள் எளிது. என்ன தெரிந்தாலும், ஒன்றும் தெரியாவிட்டாலும், அதையும் அவர்களிடம் சொல்லுங்கள். பூனை கிடந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அவர்கள் கேட்டால், போக்குவரத்து குறைந்த நேரமாகப் பார்த்து, கூடப்போய்க் காட்டிவிட்டு வாருங்கள்.